காலங் கடந்த சுற்றறிக்கை

நம் கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு யாதேனும் ஒரு பொருள் பற்றி எழுதியனுப்புமாறு பத்திராதிபர் எமக்குக் கடிதம் விடுத்தனர். 1974-ஆம் ஆண்டில் இங்குப் புகுமுக வகுப்பிற் சேர்ந்து, ஓராண்டு பயின்று வெளியேறிய பழைய மாணாக்கர் ஒருவரை இத்தனை ஆண்டுகட்குப் பின்னரும் மறவாதிருந்தமைக்கு எம் நன்றி உரியது. செய்யுள் வல்லார் செய்யுள் எழுதுவர்; பிரயாணஞ் செய்தார் தாம் கண்ட நாடுகளைப் பற்றி எழுதுவர். எமக்கோ, முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் ஆசிரியத் தொழில் செய்து கழித்த வாழ்வன்றி வேறு சரக்கில்லை. ஆதலின், அந்நிலையத்தின் தாழ்வாரத்தில் தொங்கிய ஓர் அறிவிப்புப் பலகையைப் பற்றியும், அதில் ஒட்டப்பட்டனவும் ஒட்டப்படாதனவுமாகிய காகிதங்களைப் பற்றியுமே எழுதத் துணிந்தோம். பொருள் சிறிதென்று அன்பர்கள் எண்ணற்க. ஒரு காகிதம் உரிய காலத்திற் கிடைத்தமையால் ஒருவர் வாழ்வு உயர்ந்ததையும், மற்றொரு காகிதம் கிடையாமையால் மற்றொருவர் வாழ்வு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டதையும் யாம் கண்டோம். உயர்ந்தது எம் வாழ்வு. நின்றது எமக்கு உதவியவரின் வாழ்வு.

யாம் 1981-ஆம் ஆண்டில் துணை விரிவுரையாளராகப் புகுந்த காலத்தில் அந்நிலையம் ஒரு பொறியியற் கல்லூரியாக இருந்தது, பின்னரே பல்கலைக்கழகமாயிற்று. அதன் பெயரை ஈண்டுக் கூறவேண்டுவதில்லை. காரியாலயத்தின் எதிரே, கண்ணாடிக் கதவிட்ட பலகையொன்று சிப்பந்திகளுக்கென மாட்டப்பட்டிருந்தது. அதில் விடுமுறை நாட்களின் பட்டியல் இருக்கும். அகவிலைப்படி உயர்ந்த செய்தி இருக்கும். ஓய்வு பெறுவோர்க்கு நடக்கும் தேநீர் விருந்தின் அழைப்பு இருக்கும். இவற்றினிடையே எப்போதேனும் ஒரு தாள், மேற்படிப்புக்கோ பயிற்சிக்கோ வெளியூர் செல்ல விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்று கூறும். பலர் அதனைப் படியாமலே கடந்து செல்வர். படித்தவரிலும் பலர், கடைசித் தேதி கடந்துவிட்டதைக் கண்டு பெருமூச்சு விட்டுச் செல்வர்.

கற்பிப்போர் தாமும் கற்கும் வாய்ப்பு எல்லா ஆசிரியர்க்கும் வேண்டியதே. எனினும் தொழில்நுட்பங் கற்பிப்போர்க்கு அஃது அன்றாட உணவு போன்றது. இலக்கணங் கற்பிப்பவர் இளமையிற் கற்ற நூலை முதுமையிலும் பழுதின்றிக் கற்பிக்கலாம். இயந்திரங் கற்பிப்பவரோ பத்தாண்டுகள் வாளாவிருப்பின், தாம் கற்ற இயந்திரம் காட்சிச்சாலைக்குப் போய்விட்டதைக் காண்பர். யாம் மாணாக்கராயிருந்தபோது ஸ்லைடு ரூல் கொண்டு கணக்கிட்டோம். ஆசிரியராகிச் சில ஆண்டுகள் கழிவதற்குள் கணினி வந்து எம் மேசைமேல் அமர்ந்தது. அதன் விசைகளை எம் மாணாக்கரே எமக்குக் காட்டிக் கொடுத்தனர்.

இவ்வுண்மையை நம் தேசத்துப் பெரியோர் முன்னரே உணர்ந்திருந்தனர். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 1945-ஆம் ஆண்டில் ஓர் ஆலோசனைச் சபையாக அமைந்தது. 1951-ல் கரக்பூரில் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் எழுந்தது. கட்டடத்தையும் கருவியையும் விலைகொடுத்து வாங்கிவிடலாம். ஆசிரியரை அவ்வாறு வாங்கலாகுமோ? ஆதலின் பிறநாட்டாரின் துணை நாடப்பட்டது. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னையில் ஒரு கழகந் தொடங்கியபோது, அவ்வுதவி இயந்திரங்களோடு நின்றுவிடவில்லை. ஜெர்மானியப் பேராசிரியர்கள் இங்கு வந்து கற்பித்தலும், இந்திய ஆசிரியர்கள் அந்நாடு சென்று பயிலுதலும் அதில் அடங்கியிருந்தன. பேராசிரியர்களோடு, பட்டறைத் தொழிலிற் கைதேர்ந்த போர்மேன்களும் அங்கிருந்து வந்தனர் என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்க. அதன் அருமை எமக்கே நெடுங்காலங் கழித்துத்தான் விளங்கிற்று. கான்பூர்க் கழகத்துக்கு 1962 முதல் 1972 வரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பது கூடித் துணை நின்றன. பாலிடெக்னிக் ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கெனச் சென்னைத் தரமணியில் 1964-ல் ஒரு பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது.

இவற்றுள் எம்மைப் போன்ற சாதாரண விரிவுரையாளருக்குப் பெரிதும் பயன்பட்டது, இந்திய அரசாங்கத்தார் 1970-ல் தொடங்கிய தர மேம்பாட்டுத் திட்டமாகும். பொறியியற் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் பதவியை இழவாமலும் சம்பளத்தை விடாமலும், தொழில்நுட்பக் கழகம் போன்ற பெரிய நிலையமொன்றிற் சேர்ந்து பட்ட மேற்படிப்போ ஆராய்ச்சிப் படிப்போ பயிலலாம்; முடித்தபின் தம் கல்லூரிக்கே திரும்பிவந்து பணி செய்வார். குடும்பப் பாரம் சுமந்த ஆசிரியர்க்கு இதனினுஞ் சிறந்த ஏற்பாடு வேறு யாது? ஆயினும் இதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. கழகம் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அதற்கு முன்னர்க் கல்லூரி பரிந்துரைத்து விடுவித்தல் வேண்டும். முன்னைய வாயில் அறிவால் திறப்பது. பின்னையது உரிய காலத்தில் வரும் காகிதத்தால் திறப்பது.

1985-ஆம் ஆண்டில் அப்பின்னைய வாயில் எமக்கு மூடிக்கொண்டது. வீட்டுக் கடனுக்காகச் சம்பளச் சான்று கேட்கக் காரியாலயத்துக்குச் சென்றிருந்தோம். குமாஸ்தா எம் கடிதத்தைத் தேடி ஒரு கோப்பைப் புரட்டியபோது, அத்திட்டத்தின் அறிவிப்பு எம் கண்ணிற் பட்டது. கடைசித் தேதி கடந்து ஒன்பது நாட்களாகியிருந்தன. அத்தாள் எவர் கையாலும் ஒளிக்கப்படவில்லை; எவரும் எமக்குத் தீங்கு நினைக்கவுமில்லை. வந்த கடிதங்களை வரிசையாகக் கோத்து வைப்பது அவருடைய கடமை; கோத்து வைத்தார். அதனைப் பலகையில் ஒட்டுவது இன்னார் கடமையென்று எவரும் அவருக்குச் சொல்லியதில்லை. அன்று மாலை யாம் பட்டறைப் பக்கமாகச் சென்று, அங்கிருந்த சிலரிடம் எம் மனக்குறையைச் சொல்லி ஆறினோம்.

அவருள் ஒருவர் கடைசல் இயந்திரத்தை நடத்திவந்த மெக்கானிக். எம்மினும் இரண்டொரு வயது மூத்தவர். எஸ்.எஸ்.எல்.சி. வரை பயின்று, தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு கற்று வந்தவர். இரும்புத் தண்டைக் கடையும்போது எழும் ஓசையைக் கேட்டே, உளி மழுங்கிவிட்டதா, வேகம் மிகுந்துவிட்டதா என்று சொல்லவல்லவர். மாணாக்கர் எம் வகுப்பில் ஒரு மணி நேரங் கேட்டும் விளங்காததை அவர் அருகில் ஐந்து நிமிடம் நின்று விளங்கிக்கொள்வர். அன்று அவர் எம் புலம்பலைக் கேட்டு ஒன்றுஞ் சொல்லவில்லை.

மறுவருஷம் ஒருநாள், வகுப்பு நடந்துகொண்டிருக்கையில் அவர் வாயிலில் வந்து நின்றார். சேமநிதிக் கடன் விஷயமாகக் காரியாலயத்துக்குச் சென்றவர், தலைமைக் குமாஸ்தாவின் மேசைமேல் அவ்வறிவிப்பைக் கண்டிருக்கிறார். ஆங்கிலம் முழுதும் விளங்காவிடினும், எம்.டெக். என்ற எழுத்துக்களையும் தேதியையும் அடையாளங்கண்டு, கருவி வாங்கும் சீட்டின் பின்புறத்தில் குறித்துக்கொண்டு வந்திருந்தார். "ஐயா, போன வருஷம் நீங்கள் தவறவிட்ட காகிதம் மறுபடியும் வந்திருக்கிறது. பதினோரு நாள்தான் இருக்கிறது" என்று சொல்லிச் சீட்டை எம் கையிற் கொடுத்துவிட்டுப் போனார். அப்பதினோரு நாட்களில் விண்ணப்பம் எழுதி, எம் வகுப்புகளைப் பகிர்ந்துகொள்ளச் சக ஆசிரியர் இருவரை இசைவித்து, முதல்வரின் பரிந்துரையும் பெற்று அனுப்பினோம். அவ்வாண்டே சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் எமக்கு இடங் கிடைத்தது.

ஆலமரங்களும் மான்களும் நிறைந்த அவ்வளாகத்தில் யாம் கழித்த காலம் எம் வாழ்வின் பொற்காலம் என்றே சொல்லுவோம். ஐந்தாண்டு கற்பித்தபின் மீண்டும் மாணாக்கராய் அமர்வது எளிதன்று. எம்மினும் இளையோர் ஒரு நொடியில் விடுவித்த கணக்கை யாம் இரவெல்லாம் விழித்து விடுவித்தோம். ஆயினும், பாடஞ் சொல்லுங்கால் மாணாக்கர் எவ்விடத்தில் தடுமாறுவர் என்பதை, யாமே தடுமாறியதாலன்றோ அறிந்தோம்! 1988-ல் திரும்பி வந்தோம். அப்படிப்பைப் படியாகக் கொண்டே பின்னர் ஆராய்ச்சிப் பட்டமும், பேராசிரியர் பதவியும், 2001-ல் துறைத் தலைமையும் எமக்கு வந்தன. இத்தனைக்கும் மூலம், கருவிச் சீட்டின் பின்புறத்தில் எழுதிய ஒரு தேதி.

இனி எழுதப்போவது எமக்குப் பெருமை தருவதன்று. எனினும் இதனை எழுதாவிடின் இக்கட்டுரைக்குப் பயனில்லை.

2003-ஆம் ஆண்டில் எம் துறைக்கு எண்கட்டுப்பாட்டு இயந்திரமொன்று வாங்க அனுமதி வந்தது. பட்டறையில் சி.என்.சி. என்று வழங்குவர். கையாற் சக்கரத்தைத் திருப்பிக் கடைவதற்கு மாறாக, கட்டளைகளை எண்ணும் எழுத்துமாக எழுதிக் கொடுத்தால் அதுவே கடைந்து முடிக்கும். அவ்வமயம் பயிற்சி நிலையமொன்றிலிருந்து ஒரு சுற்றறிக்கை எமக்கு வந்தது. ஆய்வகத் துணையாளர்க்கும் பட்டறைச் சிப்பந்திகளுக்கும் அவ்வியந்திரத்தை நடத்த இரண்டு வாரப் பயிற்சி. செலவு முழுதும் அவர்களுடையது. துறைக்கு ஒருவரை அனுப்பலாம். யாம் அதனைப் படித்தோம். படித்து, ஒரு புத்தகத்தினுள் வைத்தோம். இயந்திரம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று எண்ணினோம். பட்டறையார் இரண்டு வாரம் இல்லாவிடின் செய்முறை வகுப்புகள் நின்றுபோகுமே என்றும் எண்ணினோம். எல்லாவற்றினுங் கீழாக, நாற்பத்தேழு வயதில் அவர்கள் இதையெல்லாம் விரும்புவார்களா என்று, அவர்களைக் கேளாமலே முடிவு செய்தோம். 1985-ல் எம் காகிதத்தைக் கோத்து வைத்த குமாஸ்தாவாயினும் அதனைப் படித்தாரில்லை. யாமோ படித்து மறந்தோம்.

சில மாதங் கழித்து எம் அறைக்கு வெள்ளையடிக்க நேர்ந்தது. புத்தகங்களை இறக்கி வைக்க உதவிக்கு வந்தவர் அதே மெக்கானிக். புத்தகத்திலிருந்து அத்தாள் கீழே விழுந்தது. அவர் அதனை எடுத்து, நின்றபடியே நிதானமாகப் படித்தார். இப்போது ஆங்கிலம் அவருக்கு நன்கு விளங்கிற்று.

"ஐயா, இது பட்டறைக்கு வந்த காகிதமா?" என்று கேட்டார்.

"ஆம்" என்றோம்.

அவர் மேலும் ஒன்றுங் கேட்கவில்லை. தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார். அவர் சினந்து பேசியிருப்பின் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இயந்திரம் 2004-ல் வந்தது. நடத்தத் தெரிந்தவர் இல்லாமையால் பல மாதங்கள் உறை போர்த்தபடி கிடந்தது. விற்ற கம்பெனியார் அனுப்பிய இளைஞர் வந்து இயக்கிக் காட்டியபோது, இருபது ஆண்டுகளுக்கு மேல் இரும்பைக் கடைந்த எம் அன்பர் கைகட்டி ஒதுங்கி நின்றார். அடுத்த ஆண்டு பட்டறைக்குப் போர்மேன் பதவி ஒன்று உண்டாயிற்று. அவ்வியந்திரத்திற் பயிற்சி பெற்ற சான்று வேண்டுமென்பது விதி. அவரிடம் அஃதில்லை; பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குச் சென்றது. அப்பயிற்சி மீண்டும் நடைபெறுமா என்று யாம் எழுதிக் கேட்டோம். அவ்வாண்டுக்கு மட்டுமே பணம் ஒதுக்கப்பட்டதென்று விடை வந்தது. யாம் அவரிடஞ் சென்று எம் பிழையை ஒப்புக்கொண்டோம். "நடந்தது நடந்துவிட்டது ஐயா. சின்னப் பையன்களுக்கு வரும் காகிதத்தையாவது கீழே அனுப்பிவிடுங்கள்" என்றார். பின்னர் அவ்விளம் போர்மேனின் அருகிலிருந்தே அவ்வியந்திரத்தை ஒருவாறு கற்றுக்கொண்டார். 2014-ல் அதே பதவியில் ஓய்வு பெற்றார். அன்றைய தேநீர் விருந்தில் எம்மைப் பேச அழைத்தனர். எழுந்து நின்றோம்; எண்ணி வந்த சொற்களுள் ஒன்றும் வரவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து யாம் பலகாலுஞ் சிந்தித்ததுண்டு. வாய்ப்பு இல்லாமையால் கெட்டவரினும், இருந்த வாய்ப்பு வந்து சேராமையாற் கெட்டவரே மிகுதியென்று எமக்குத் தோன்றுகிறது. செய்தி மேலிருந்து கீழே இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் அதனைக் கையில் வைத்திருக்கிறார். இஃது இன்னார்க்கு வேண்டாம், இன்னார் போனால் வேலை கெடும் என்று அவர் தமக்குள் தீர்ப்பளித்துவிடின், கீழே நிற்பவர் தமக்கொரு வழக்கு இருந்ததையே அறியார். ஜெர்மனியிலிருந்து பேராசிரியரோடு போர்மேனையும் அனுப்பினார்களே, அதன் அருமை அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. பட்டறை கல்லாத இடத்தில் வகுப்பறை மட்டுங் கற்றுப் பயனில்லை.

அதன்பின், ஓய்வு பெற்ற 2016 வரை, எம் துறையில் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டோம். திங்கட்கிழமை காலையில், ஆசிரியரும் ஆய்வகத்தாரும் பட்டறையாரும் தட்டெழுத்தரும் கூடி நிற்க, அவ்வாரம் வந்த அறிவிப்புகளைத் தமிழில் உரக்கப் படிப்போம். ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு செய்திகளை எழுதுவோம்: கடைசித் தேதி எது, யார் யார் செல்லலாம், செலவு யாருடையது, சென்றவரின் வேலையை யார் பார்ப்பர். நான்காவதே முக்கியமானது. அதற்கு விடை இல்லையெனின் முன்னைய மூன்றும் வெறும் மை. கைக்குழந்தையுள்ள விரிவுரையாளர் ஒருவர், வெளியூர்ப் பயிற்சி தமக்கு எட்டாதென்று பல ஆண்டுகள் வாய்திறவாமல் இருந்தவர், அத்திங்கட்கிழமைக் கூட்டத்திற்றான் உள்ளூரில் நடக்கும் பயிற்சியொன்றை அறிந்து சென்றார். ஆய்வகத் துணையாளர் ஒருவர் மாலை வகுப்பிற் சேர்ந்து டிப்ளமோ பெற்றார். பெருஞ்செயல்கள் அல்ல, அரைமணி நேரத்தின் பயன் அவ்வளவே.

இக்காலத்தில் வாய்ப்புகள் அருகவில்லை; பெருகியுள்ளன. தொழில்நுட்பக் கழகங்களின் விரிவுரைகளை எவரும் காணத்தக்கதாக்கும் என்.பி.டி.இ.எல். என்னும் முயற்சி 2003-ல் தொடங்கிற்று. வெளிநாட்டு அறிஞர்கள் இங்கு வந்து சில நாட் பாடம் நடத்தும் கியான் திட்டம் 2015-லும், வீட்டிலிருந்தே கற்கும் ஸ்வயம் 2017-லும் தொடங்கின. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கெனப் பணிப்பயிற்சி நிலையங்கள் 1987 முதல் உள்ளன. 2023-ல் அவற்றுக்கு மதன் மோகன் மாளவியாவின் பெயர் சூட்டப்பட்டது. செய்தியும் பலகையை விட்டுக் கைப்பேசிக்கு வந்துவிட்டது. ஆயினும், முன்னாளில் ஒரு தாள் கோப்பில் மறைந்தது போல இந்நாளில் நூறு செய்திகளினிடையே ஒரு செய்தி மறைகிறது. எல்லார்க்கும் அனுப்பிவிட்டோம் என்று காரியாலயம் அமைதி கொள்கிறது. உமக்கு உரியது இது என்று ஒருவர் வந்து சொல்வதோ அரிதாகிறது. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டுமென்பதால், கற்பதற்கன்றிக் காகிதத்துக்காகவே பயிற்சிக்குச் செல்வோரும் உளர். அவர் செல்லும் இடத்தில் உண்மையில் வேட்கையுற்ற ஒருவர் இடமிழக்கிறார் என்பதை அவர் எண்ணுவாராக.

நம் கலாசாலை மாணாக்கருட் பலர் நாளை ஆசிரியராவர், சிலர் தலைவராவர். அவர்கள் மேசைக்கும் காகிதங்கள் வரும். அவற்றுட் சில அவர்களுக்கல்ல, அவர்களுக்குக் கீழே நிற்போர்க்கு உரியனவாக இருக்கும். அவற்றைப் புத்தகத்தினுள் வையாது அன்றே கொண்டு கொடுக்குமாறு வேண்டுகிறோம். வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களே சொல்லட்டும். இப்போது பணியிலுள்ள எம் நண்பர்களும், தத்தம் துறையிற் கடைசியாக நிற்பவரிடம் அவர் இதுவரை எந்தப் பயிற்சிக்குச் சென்றுள்ளார் என்று இவ்வாரமே ஒருமுறை கேட்டுப் பார்ப்பாராக.

அக்கருவிச் சீட்டு இன்னும் எம்மிடம் உள்ளது. காகிதம் பழுப்பேறி, எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது. தேதி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அதனைக் கொடுத்தவருக்கு யாம் பட்ட கடன் தீர்ந்தபாடில்லை. இக்கட்டுரையைப் படிக்கும் எவரேனும் ஒருவர், தம் கையிலுள்ள ஒரு தாளை உரியவரிடம் உரிய காலத்திற் சேர்ப்பாராயின், அக்கடனில் ஒரு சிறு பகுதி கழிந்ததாகக் கொள்வோம்.